கூரை போடாதவள்

வாயை அடக்கத் தெரிந்திருந்தால் என் வாழ்க்கையில் பாதிச் சண்டைகள் நடந்தே இருக்காது. மீதிப் பாதி எப்படியும் என் நாத்தனாரோடு நடந்திருக்கும்.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. எனக்கு வேறொரு நகரத்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கே இருக்கும் பெரிய நாடக அரங்கில், மேடை அமைக்கும் பட்டறைக்குத் தலைமை. சுவர், கதவு, ஜன்னல், படிக்கட்டு என்று மேடையில் எதெல்லாம் நிஜம் மாதிரி நிற்கிறதோ, அதையெல்லாம் மரத்தாலும் துணியாலும் செய்வதுதான் என் தொழில். ரம்பத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாதவர்களின் கீழே பல வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள் நான். இனி நானே அளப்பேன், நானே அறுப்பேன், தப்பு வந்தால் என்னையே திட்டிக்கொள்வேன் என்று வீடு முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் நீச்சல் கற்றுத்தருகிறவர். புது ஊரின் நீச்சல் குளத்தில் அவருக்கும் இடம் கிடைத்துவிட்டது. எல்லாம் தானாகக் கூடி வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான், டீயும் கையுமாக உட்கார்ந்திருந்த என் கணவரின் அக்கா ஆரம்பித்தார்.

"புது ஊரு, புது வேலை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவீங்க. நடுவுல பிள்ளை என்ன பண்ணும்? ஒரு வருஷம் எங்கிட்ட இருக்கட்டும். நல்ல வீடாப் பார்த்து ஒரு இடத்துல உக்காருங்க. அப்புறம் வந்து கூட்டிட்டுப் போங்க."

பிள்ளை என்று அவர் சொன்னது எங்கள் நாலு வயசுப் பெண்ணை. நாங்கள் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து, தான் ஒரு துரும்பையும் நகர்த்தாமல் எல்லோரையும் வேலை வாங்குகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அந்த நிமிஷம்கூட அவள் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவின் கால்களை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று அவருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் கணவர் காலை நகர்த்திவிட்டு, "யோசிக்கலாம்கா," என்றார்.

அந்த 'யோசிக்கலாம்' என் தலையில் நெருப்பை வைத்தது. அம்மா இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தது அக்காதான். அதனால் அக்கா எதிரில் அவருக்கு வாய் வராது. எனக்கு அந்தக் குறை கிடையாது.

"எதுக்கு யோசிக்கணும்?" என்றேன். "வீடு நான் பார்க்கறேன் அண்ணி. குடி போன ஒரு வாரத்துல நீங்களே வந்து பாருங்க. இது பிள்ளை இருக்கற வீடு இல்லைன்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, கையோட கூட்டிட்டுப் போயிடுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அதற்குள் நாத்தனார் டீயை ஒரே மடக்கில் முடித்துவிட்டு, "சரி, அதுவே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டார்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் மகள்மேல் அவருக்கு உயிர். அவர் வீட்டில் சத்தம் போட்டுப் பேசுகிற ஒரே ஆள், வாரத்துக்கு ஒருமுறை அங்கே போகும் மேஸ்திரிதான். அவர் பிள்ளை கேட்டது ஆசையால்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தாலும் என் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா? அவள் இல்லாத வீட்டில் நான் யாருக்குக் கட்டுப்படுவேன்?

ஆக, எல்லாம் வீட்டில் வந்து நின்றது. என் கணவருக்கு வேலை விடியற்காலையிலிருந்து மதியம் வரை. எனக்கு மதியத்துக்கு மேல். அரங்குக்கும் குளத்துக்கும் பக்கத்தில் வீடு கிடைத்தால், அவர் வந்து நின்றதும் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டு நான் கிளம்பலாம். எங்கேயாவது ஊர்க்கோடியில் கிடைத்தால், நான் கிளம்பும் நேரத்தில் அவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியில்தான் நாத்தனார் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

வீடு பார்ப்பதற்கு என்னிடம் ஒரு வழி இருந்தது. நாடகத்துக்குச் சுவர்களைச் செய்து நிறுத்துவதற்கு முன்னால், ஒத்திகை நடக்கும் தரையில் கலர் டேப்பை ஒட்டி அறைகளை நிஜ அளவில் வரைந்துவிடுவோம். இங்கே கதவு, இங்கே படி, இங்கே கட்டில். நடிகர்கள் அந்தக் கோடுகளுக்குள் நடந்து பழகுவார்கள். கோட்டை மிதித்தால் சுவரில் முட்டிக்கொண்டதாக அர்த்தம். புது ஊரிலிருந்து வீடுகளின் பிளான் ஃபோனில் வர வர, பழைய பட்டறையின் தரையில் ஒவ்வொன்றையும் நான் அப்படியே ஒட்டினேன். வேலை முடிந்ததும் என் கணவரும் மேஸ்திரியும் வருவார்கள். மூன்று பேரும் அந்த வீட்டில் கொஞ்ச நேரம் குடித்தனம் நடத்துவோம்.

முதல் வீட்டில் நான் அடுப்பின் முன்னால் திரும்பினால் அவரால் குளியலறைக் கதவைத் திறக்க முடியவில்லை.

"இடிச்சுட்டேனா?" என்றார்.

"நீங்க இடிக்கலை. கதவு இடிச்சது. ரெண்டு பேரையும் சேர்த்து."

மேஸ்திரி கோட்டுக்கு வெளியே நின்று மணி அடிக்கிற மாதிரி சத்தம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். ஞாபகமில்லாமல் சுவர் வழியாக நடந்து வந்த அப்பாவைத் திருப்பி அனுப்பி, கதவு வழியாக வரச் சொன்னாள். அந்த வீட்டில் அவளுக்குப் படுக்க ஒரு மூலை இருந்தது. படுத்துப் பார்த்துவிட்டு, "என் கால் பக்கத்து வீட்டுல இருக்கு," என்றாள். டேப்பை உரித்துவிட்டேன்.

இன்னொன்று எல்லா விதத்திலும் நல்ல வீடு. அறைகள் கச்சிதம், கதவுகள் ஒன்றோடொன்று சண்டை போடவில்லை. ஆனால் அது ஊர்க்கோடி. அதைப் பிடித்து வைக்கலாமா என்று அவர் இழுத்தார். நான் முறைத்தேன்.

கடைசியாக வந்த பிளானைப் பார்த்தபோது நான் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டேன். அரங்குக்குப் பின்தெரு. குளத்துக்கு நடந்தே போகலாம். கீழே கண்ணாடிக்கடை, அந்தக் கடைக்காரர்தான் வீட்டுக்காரர். மேல்மாடி முழுக்க வீடு. டேப் ஒட்ட ஒட்ட வீடு நீண்டுகொண்டே போனது. பட்டறையில் இருந்த மரக்கட்டைகளை எல்லாம் ஓரம் தள்ள வேண்டியதாயிற்று. மேஸ்திரி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினாள், திரும்பி ஓடினாள், மூச்சு வாங்க நின்று, "இதான்," என்று தீர்ப்பு சொன்னாள்.

வாடகையோ எங்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகை. ஊரின் நடுவில் இவ்வளவு பெரிய வீடு ஏன் இன்னும் காலியாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கண்ணாடிக்கடைக்காரரை ஃபோனில் பிடித்தேன்.

"காத்து வருமா?"

"மேல்மாடி இல்லையா, நல்லா வரும்."

"வெளிச்சம்?"

"ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்கு."

"ஈரம், ஒழுக்கு?"

"போன வருஷம்தான் ஓடு மாத்தினேன். ஒரு சொட்டு இறங்காது."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. என் கணவர் மட்டும், "ஒருதடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடலாமே," என்றார்.

"நேர்ல என்ன பார்க்கணும்? இதோ, நான் உள்ளதான் நிக்கறேன்," என்றேன், டேப்பால் ஆன கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு. அன்றைக்கே முன்பணம் அனுப்பிவிட்டேன்.

சாமான்களோடு போய் இறங்கிய அன்று, படியேறி, கதவைத் திறந்து, என் கணவர்தான் முதலில் காலடி வைத்தார். அடுத்த நொடி 'ணங்' என்று ஒரு சத்தம். புது வீட்டில் நாங்கள் கேட்ட முதல் சத்தம் அது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அது ஓட்டுக் கூரைக்கு நேர் அடியில் இருந்த வீடு. நடுவில் மட்டும் உயரம். அங்கிருந்து இரண்டு பக்கமும் கூரை சரிந்து, சரிந்து, ஓரத்தில் என் இடுப்பளவுக்கு வந்து நின்றது. குறுக்கே உத்தரங்கள் வேறு. என் கணவர் நிமிர்ந்து நிற்பதென்றால், வீட்டின் நடுவே நீளமாக ஓடும் ஒரு பட்டையில் மட்டும்தான் நிற்கலாம். அங்கேயும் உத்தரம் வருமிடத்தில் குனிய வேண்டும். தரையைப் பொறுத்தவரை என் டேப் ஒரு விரல்கூடத் தப்பவில்லை. பிளானில் இருந்த ஒவ்வொரு மூலையும் அதனதன் இடத்தில் இருந்தது. அந்த மூலைகளுக்குத் தவழ்ந்துதான் போக வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு எங்கே சறுக்கியது என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. நாடக மேடைக்குக் கூரை கிடையாது. மேலேயிருந்து வெளிச்சம் விழ வேண்டும், அதனால் மேல் பக்கத்தைத் திறந்தே விட்டுவிடுவோம். நான் மாளிகை கட்டியிருக்கிறேன், சிறைச்சாலை கட்டியிருக்கிறேன், ஆஸ்பத்திரி கட்டியிருக்கிறேன். எதற்கும் இதுவரை கூரை போட்டதில்லை. வீடு என்றால் தரையும் சுவரும் என்றே என் புத்தி பழகிப்போயிருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் முதல் கேள்வியே உயரம் எவ்வளவு என்றுதான் இருந்திருக்கும்.

கீழே இறங்கிப் போய்க் கண்ணாடிக்கடைக்காரரிடம் பாய்ந்தேன். கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். வந்த பிறகும் எழுந்த மாதிரி தெரியவில்லை. என் தோள் உயரம்தான் இருந்தார்.

"கூரை இடிக்குதுன்னு சொல்லவே இல்லையே நீங்க?"

"இடிக்குதா?" என்றார், உண்மையான ஆச்சரியத்தோடு. "எனக்கு இடிக்கலையே."

இந்த மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? திரும்பி மேலே வந்தேன். என் கணவர் ஈரத்துணியை நெற்றியில் வைத்துக்கொண்டு ஃபோனில் ஊர்க்கோடி வீட்டின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

"அந்த வீடு இன்னும் இருக்கான்னு கேக்கறேன்," என்றார். "கொஞ்ச நாள் அக்காகிட்ட இருக்கட்டும். அங்க அவ நல்லாத்தான் இருப்பா. உனக்கும் புது வேலை, நிம்மதியாப் பார்க்கலாம்."

அவர் சொன்னது நியாயம். அந்த நியாயம்தான் என்னைச் சுட்டது. இன்னும் ஒரு வாரத்தில் நாத்தனார் வருவார். இந்தக் கூரையைப் பார்த்த மாத்திரத்தில் என் வாய்ச்சவடாலின் சாயம் வெளுத்துவிடும். என் வார்த்தையை வைத்தே என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார், நான் வாயைத் திறக்க முடியாது. அவிழ்க்காத மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து அழுதேன். அழுகைக்கு நடுவில்தான் மேஸ்திரியின் குரல் கேட்கவில்லை என்பது உறைத்தது. அவள் குரல் கேட்காத வீடு ஆபத்தான வீடு.

தேடினேன். கூரை வந்து முடியும் ஓரத்தில், எந்தப் பெரிய ஆளும் போக முடியாத இடத்தில், அவள் நின்றுகொண்டிருந்தாள். நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் தலைக்கும் கூரைக்கும் நடுவில் இன்னும் ஒரு கை நுழையும். அவள் முன்னால், அந்தக் குட்டைச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு ஜன்னல்.

"அம்மா, இங்க வா."

"அங்கெல்லாம் என்னால வர முடியாதுடி."

"தவழ்ந்து வா. நான் சின்னப்பிள்ளையா இருந்தப்ப வந்தேன்ல."

தவழ்ந்தேன். ஜன்னல் பக்கம் போனதும் நிமிர்ந்தால் இடிக்கும் என்று குப்புறப் படுத்துக்கொண்டேன். மேஸ்திரி நின்றபடியே கையை நீட்டி வெளியே காட்டினாள். "அங்க கேட்டு இருக்கு. கட்டை எல்லாம் கிடக்கு. அது உன் கடையா?"

அது என் புதுப் பட்டறையின் பின்வாசல். முற்றத்தில் அடுக்கியிருந்த பலகைகள் வரை தெரிந்தது. இடது பக்கம் நீச்சல் குளத்தின் கண்ணாடிக் கூரை. அவளுடைய அம்மாவின் வேலையும் அப்பாவின் வேலையும் ஒரே ஜன்னலில் இருந்தன.

பிறந்ததிலிருந்து அவள் தானாக ஒரு ஜன்னலில் எட்டிப் பார்த்ததில்லை. யாராவது தூக்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலி இழுத்துப் போட வேண்டும். இந்த வீட்டில் அவள் நிற்கிறாள், நான்தான் படுத்திருக்கிறேன். நான் ஏன் அழுதேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. டேப் ஒட்டிப் பார்த்த அத்தனை வீடுகளும் பெரியவர்களின் உயரத்துக்குக் கட்டியவை. அவளுடைய உயரத்துக்கு ஒரு வீட்டை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

"ஃபோனை வைங்க," என்று அங்கிருந்தே கத்தினேன்.

"என்னாச்சு?"

"வைங்கன்னா வைங்க. ரம்பம் எந்த மூட்டையில இருக்கு?"

அந்த வாரம் நான் வேலை செய்த மாதிரி என் ஆயுசில் செய்ததில்லை. மதியம் வரை வீடு, மதியத்துக்கு மேல் அரங்கு. முதல் வேலையாக அந்தக் குட்டி ஜன்னலுக்குக் குறுக்குக் கட்டைகள் அடித்தேன். பிறகு மேஜையின் கால்களை அறுத்தேன். நாற்காலிகளை அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு மெத்தை தைத்துப் போட்டேன். நிற்க இடமில்லாத அலமாரியைப் படுக்க வைத்து, கதவை மேல் பக்கமாகத் திறக்கும்படி மாற்றினேன். புதுப் பட்டறையில் கழித்துப் போட்ட பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து, சரிவுக்கு அடியில் எங்கள் படுக்கைகளை ஒரு பக்கமும் மேஸ்திரியின் ராஜ்ஜியத்தை மறுபக்கமும் அமைத்தேன். படுக்கிறவனுக்கு உயரம் எதற்கு?

என் கணவர் குளத்தில் பழசாகிப்போன மிதவைப் பலகைகளை அள்ளிக்கொண்டு வந்தார். சின்னப் பிள்ளைகள் நீந்தப் பழகும்போது பிடித்துக்கொள்வார்களே, அந்த மெத்துமெத்தென்ற பலகைகள். அவற்றை உத்தரங்களில் கட்டினோம். சிவப்பு, நீலம், பச்சை என்று கூரையே விளையாட்டுச் சாமான்கடை ஆயிற்று. அதற்குப் பிறகும் அவர் இடித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் 'ணங்' என்பது போய் 'பொத்' என்று ஆகிவிட்டது. நடுப்பட்டையின் இரண்டு ஓரங்களிலும் மஞ்சள் டேப் ஒட்டினேன். அதைத் தாண்டினால் குனிய வேண்டும் என்பது சட்டம்.

"நான் குனிய வேண்டாம்," என்றாள் மேஸ்திரி.

"நீ வேண்டாம்."

"நான் மட்டும்தான் வேண்டாம்."

இதை அவள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கடைக்காரர் ஒருநாள் மேலே வந்து பார்த்து, அவரும் குனியாமல் ஒரு சுற்று நடந்துவிட்டு, "நல்ல வீடுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். அன்றைக்கு மாலைதான் புது அரங்கில் என் முதல் மேடை திறக்கிறது. ஆனால் எனக்கு அந்தக் கவலையே இல்லை. என் காதெல்லாம் படியில் கேட்ட அவர் காலடிச் சத்தத்தில்தான் இருந்தது. அவரும் தம்பியைப் போலவே நெட்டை. கையில் ஒரு பெட்டி. காலிப்பெட்டி என்பது அது ஆடிய ஆட்டத்திலேயே தெரிந்தது. பிள்ளையின் துணிகளை எடுத்துப்போகத்தான் அது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிலைப்படியைத் தாண்டினார். பொத். நீலப் பலகை.

அவர் மேலே பார்த்தார், பக்கத்தில் பார்த்தார், பெட்டியைக் கதவோரம் வைத்தார்.

"இதுதான் வீடா?"

"ஆமா அண்ணி."

"மழை பெஞ்சா ஓட்டுல சத்தம் வராதா?"

"வரும்," என்றாள் மேஸ்திரி பெருமையாக. "நல்லாப் பெருசா வரும்."

நாத்தனார் நடுப்பட்டையில் முனையிலிருந்து முனைக்கு நடந்தார். அடுப்பைப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், படுத்துக்கிடக்கும் அலமாரியைத் திறந்து அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு குற்றம் தேடுகிறார் என்று நினைத்தேன். தேடவே தேவையில்லை, தலைக்கு மேலேயே இருந்தது. "என் தம்பி கழுத்து என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டார்.

"பாதி நேரம் நான் தண்ணியிலதானக்கா இருக்கேன்," என்றார் என் கணவர். "அங்க கூரை ஒசரம்." பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அக்கா, அன்னிக்கு யோசிக்கலாம்னு சொன்னேன்ல. யோசிச்சுட்டேன். அவ எங்ககூடத்தான் இருப்பா."

அக்காவிடம் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் காது சிவந்துவிட்டது. எனக்கு அவரை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

நாத்தனார் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சொல்லாத. இவ எனக்கு வார்த்தை கொடுத்திருக்கா. பார்த்துட்டு நான் சொல்றேன்."

அதற்கு நான் என்ன பேச முடியும்? ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொன்னவளாயிற்றே.

அப்போதுதான் அவர் தரையைக் கவனித்தார். நடுப்பட்டையில், கூரை மிக உயரமாக இருந்த இடத்தில், சிவப்பு டேப்பால் கோணல்மாணலாக ஒரு நீளக் கட்டம். காலையிலிருந்து நான் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்த டேப் சுருள் அங்கேதான் போயிருந்தது.

"இது என்னது?"

"உன் ரூம்," என்றாள் மேஸ்திரி. "கோட்டை மிதிக்காத, அது சுவரு. இதோ, இதான் கதவு. இப்படி வா."

நாத்தனார் கதவு வழியாக உள்ளே போய் நின்றார். தலைக்கு மேலே நிறைய இடம் இருந்தது.

"நீ நெட்டை," என்று மேஸ்திரி விளக்கினாள். "ஓரத்துல போட்டா உனக்கு இடிக்கும். அதனால நடுவுல போட்டேன். வந்தா இங்க படுத்துக்கோ."

"அத்தை நடுவுல படுத்தா நாங்க எப்படிடி நடக்கறது?" என்றார் அவள் அப்பா.

"சுத்திப் போங்க."

வீட்டில் எங்களுக்கு நிமிர்ந்து நடக்க இருந்த ஒரே வழியை அவள் அத்தைக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். நாத்தனார் அந்தக் கட்டத்துக்குள்ளேயே நின்றார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

எனக்கு நேரமாகிவிட்டது. மேடை திறக்கும் நாளில் பட்டறைத் தலைமை தாமதமாகப் போக முடியாது. ரொட்டியும் முட்டையும் மேஜையில் வைத்தேன், அளவு டேப்பை இடுப்பில் செருகினேன். "போயிட்டு வர்றேன் அண்ணி," என்றேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். படியிறங்கும்போது கதவோரம் அந்தக் காலிப்பெட்டி நின்றுகொண்டிருந்தது. நான் திரும்பி வரும்போது அது இங்கே இருக்குமா, பிள்ளை இருப்பாளா என்று தெரியாமல் நடந்தேன்.

பட்டறை முற்றத்தில் ஆட்கள் கடைசிப் படிக்கட்டை மேடைக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு பலகையைத் தோளில் ஏற்றினேன்.

"அம்மா."

மேலிருந்து வந்தது. பலகையோடு திரும்பி நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டுக்குக் கீழே, குட்டி ஜன்னலில், குறுக்குக் கட்டைகளுக்குப் பின்னால் மேஸ்திரி நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் காலுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக, கன்னத்தைக் கட்டையில் அழுத்திக்கொண்டு இன்னொரு முகம் இருந்தது. என் நாத்தனார் குப்புறப் படுத்திருந்தார்.

அவர் ஒரு கையை விட்டு ஜன்னல் கட்டையைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை.

"ஏம்மா," என்று கூப்பிட்டார். தெருவே கேட்கும் குரல் அவருக்கு. "இங்க வந்து படுத்தாத்தான்மா தெரியுது."

"என்ன அண்ணி தெரியுது?"

"நீ தெரியற. உன் கட்டை எல்லாம் தெரியுது. அவன் குளமும் தெரியுது." தலையைத் திருப்பி உள்ளே பார்த்தார். "அந்தப் பெட்டி இந்த ஓரத்துல சரியா உள்ள போயிடுச்சு. இவ அதுல பொம்மையெல்லாம் வச்சுட்டா. நான் திரும்பத் தூக்கிட்டுப் போகப்போறதில்லை, இங்கயே கிடக்கட்டும்."

பட்டறை ஆட்கள் படிக்கட்டோடு நின்று மேலே பார்த்தார்கள். ஆனாலும் கேட்டே ஆக வேண்டும். "அப்ப வீடு?"

"பிள்ளை இருக்கற வீடுதான். பெரியவங்கதான் வந்து மாட்டிக்கிட்டீங்க."

ஜெயித்துவிட்டேன். என் வாயால் விட்டதை என் கையால் பிடித்துவிட்டேன். என் பெண் என்னோடுதான் இருப்பாள், அதுவும் நான் வேலை செய்வதை மேலேயிருந்து பார்த்துக்கொண்டு. அந்த மகிழ்ச்சியில் தோளில் இருந்த பலகையின் கனமே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை காலியாக இல்லை, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இனிமே மாசாமாசம் வருவேன்," என்று மேலேயிருந்து தொடர்ந்தார் நாத்தனார். "எனக்கு ரூம் இருக்கு. அதுல யாரும் சாமான் வைக்கக் கூடாது." பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "சரி, இப்ப நான் எப்படி எந்திரிக்கறது? இவனைக் கூப்பிட்டா வந்து வந்து இடிச்சுக்கறான்."

உள்ளேயிருந்து 'பொத்' என்று கேட்டது. அதற்குப் பிறகு என் கணவர் சிரிப்பதும், படுத்த வாக்கிலேயே அவர் அக்கா சிரிப்பதும் கேட்டது. முற்றத்தில் ஆட்களும் சிரித்தார்கள். நான் பலகையோடு நின்றுகொண்டே இருந்தேன்.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. கட்டைகளுக்கு நடுவே விரலை நீட்டினாள்.

"அம்மா, நின்னது போதும். வேலையைப் பாரு."

பார்த்தேன்.